கூரையும் பதிவேடும்: புயல் சேதத்தை எழுதுவது குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

2016 டிசம்பர் 12 பிற்பகல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டின் முன்னறையில் இருந்தேன். முன்னறைக்குத் தளம் போட்டிருந்தது. பின்னால் அப்பா பிற்பாடு சேர்த்துக் கட்டிய அறைக்குச் சிமென்ட் ஷீட். முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று கொஞ்ச நேரம் ஓய்ந்தது. 'விட்டுடுச்சி போலக்குது' என்று அம்மா வெளியே எட்டிப் பார்த்தார். அதன் பிறகுதான் தெற்கிலிருந்து அடித்தது. பின்னறையின் ஆறு ஷீட்டுகளில் நான்கு போயின. ஒன்று எதிர்ச்சாரியில் கால்வாய் ஓரக் குடிசை ஒன்றின் வாசலில் போய் விழுந்து நொறுங்கியது. அந்தக் குடிசைக்கு அப்போது கூரையே இல்லை.

இந்தக் கட்டுரை காற்றைப் பற்றியதல்ல. காற்றுக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வந்த இரண்டு விதமான ஆட்களைப் பற்றியது. எட்டாம் நாள் வருவாய்த் துறையிலிருந்து பதிவேட்டோடு வந்தார்கள். பன்னிரண்டாம் நாள் இன்சூரன்ஸ் சர்வேயர் கேமராவோடு வந்தார். முன்னவர்கள் எதிர்ச்சாரிக்கு வந்தவர்கள். பின்னவர் எங்கள் சாரிக்கு. வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கி தன் பணத்தின் பாதுகாப்புக்காக எங்கள் தலையில் கட்டிய பாலிசி ஒன்று இருந்ததால் அவர் வந்தார். ஒரே காற்று, இரண்டு வாசிப்புகள். எந்த வாசிப்பு எந்த வீட்டுக்கு என்பது புயல் உருவாவதற்கு வெகு காலம் முன்பே தீர்மானமாகியிருந்தது.

எதிர்ச்சாரி அக்கா எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை செய்தவர். புயல் முடிந்து மூன்று நாளாகியும் மேலே எதுவும் போடாமல் இருந்தார். டிசம்பர் பனி. நான் கேட்டேன்: 'யக்கா, தார்ப்பாயாவது கட்டிக்கலாம் இல்ல?' அவர் சொன்னார்: 'கட்டிட்டா சேதம் தெரியாதாம் தம்பி. எழுத வர்றவங்க பாத்துட்டுப் போவட்டும்.' ஆறாம் நாள் ராத்திரி தூறல் போட்டது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் நனைவது? கடன் வாங்கி ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டிவிட்டார். எட்டாம் நாள் வந்தவர்கள் தெருவில் நின்றபடியே கேட்டார்கள்.

'முழுசா, பாதியாம்மா?'

'முழுசும்தான் சார். ஒரு கீத்துகூட நிக்கல.'

'மேல மூடியிருக்குதே?'

'அது தார்ப்பாய் சார், இப்பதான் போட்டது.'

'மூடியிருக்குது இல்ல? பகுதின்னு போட்டுக்கறேன்.'

இந்தச் சிறிய உரையாடல்தான் என்னை வரலாற்றின் பக்கம் போக வைத்தது. சேதத்துக்குச் சாட்சியாக ஒருவர் அந்தச் சேதத்துக்குள்ளேயே தொடர்ந்து வாழ்ந்து காட்ட வேண்டும். பிழைக்கச் செய்யும் சின்ன ஏற்பாடுகூட அவருடைய சாட்சியத்தைக் குறைத்துவிடும். இப்படி ஒரு விதி எங்கிருந்து வந்தது? யார் எழுதினார்கள்?

2

முதலில் பெயரிலிருந்து தொடங்குவோம். நம் பேச்சில் வீட்டுக்குப் பெயர் கூரையால் வருகிறது. கூரை வீடு, ஓட்டு வீடு, ஷீட்டு வீடு, மாடி வீடு. சுவர் மண்ணா செங்கல்லா என்று யாரும் முதலில் கேட்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலிலும் கூரை எந்தப் பொருளால் ஆனது என்பது தனிக் கேள்வி: புல்லும் ஓலையுமா, பிளாஸ்டிக்கா, ஓடா, தகரமா ஆஸ்பெஸ்டாஸா, கான்கிரீட்டா. இந்த வரிசை மேலோட்டத்தில் கட்டுமானப் பொருள்களின் வரிசை. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அது வர்க்க வரிசை. பல ஊர்களில் சாதி வரிசையும்கூட.

கூரை என்பது மழைக்கு மட்டுமானதாக நம் மண்ணில் ஒருபோதும் இருந்ததில்லை. திருவிதாங்கூரில் 19-ஆம் நூற்றாண்டில் நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பவற்றோடு ஒரு தளத்துக்கு மேல் உயரமாக வீடு கட்டக் கூடாது என்ற தடையும் இருந்தது. வீட்டின் உயரம் ஒருவனுடைய இடத்தைச் சொல்லும் குறியாக இருந்ததால்தான் அதற்குத் தடை வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தது ஒரு குடிசைக்குள். எளிதில் பற்றிக்கொள்ளும் கூரையின் கீழ் யார் வசிக்க விதிக்கப்பட்டிருந்தார்கள் என்பதிலிருந்து அந்த இரவைப் பிரித்துப் பார்க்க முடியாது. 1995 ஆகஸ்டில் கொடியங்குளத்தில் போலீஸ் நுழைந்தபோது சூறையாடப்பட்டவற்றில் வெளிநாட்டு உழைப்பில் எழுந்த நல்ல வீடுகளும் இருந்தன. கூரை உயர்ந்ததும் ஒரு குற்றமாகப் பார்க்கப்பட்டது என்று அப்போது பலரும் எழுதினோம், பேசினோம் என்று மூத்த தோழர்கள் சொல்வார்கள்.

ஆகவே கூரை போனது என்று ஒருவர் சொல்லும்போது அவர் ஓலைக் கணக்கை மட்டும் சொல்வதில்லை. ஆனால் பதிவேட்டில் அதற்கு இரண்டே கட்டங்கள்: முழு சேதம், பகுதி சேதம். ஒரு குடிசைக்கு 'பகுதி' என்றால் என்ன என்பதை யோசித்துப் பாருங்கள். மாடி வீட்டில் ஒரு சுவர் விரிந்தால் மற்ற அறைகளில் இருக்கலாம். ஓர் அறையே வீடாக, கூரையே குடிசையாக இருக்கும் இடத்தில் பாதி போனாலும் முழுதும் போனதுதான். பாதிக் கூரையின் கீழ் முழு மழை பெய்யும். பகுதி என்ற கட்டம் மாடி வீட்டைப் பார்த்து உருவானது. அது குடிசையின் மேல் கவிழ்க்கப்பட்டிருக்கிறது.

3

அரசு சேதத்தை எழுதும் முறைக்கு நம் மாகாணத்தில் ஒரு பழைய முன்மாதிரி உண்டு: 1876-78 தாது வருஷப் பஞ்சம். 1877 தொடக்கத்தில் பஞ்சப் பிரதிநிதியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வரும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அரசிடம் வரும் ஒருவர் உண்மையிலேயே பசித்தவரா, ஏமாற்ற வந்தவரா என்ற சந்தேகம்தான் அந்த நிர்வாகத்தின் அடிப்படை. தூரத்தில் வேலை கொடுப்பது, கடும் வேலை கொடுப்பது எல்லாமே சோதனைகள். சோதனையில் தேறப் பசித்த உடம்பு இன்னும் வருந்த வேண்டும்.

அதே பஞ்சத்தில் வில்லபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி பட்டினி கிடந்தவர்களைப் படம் எடுத்தார். எலும்பும் தோலுமாக இருந்தவர்கள் வரிசையாக, குழுவாக, கேமராவுக்கு ஏற்ப உட்கார வைக்கப்பட்டிருப்பது அந்தப் படங்களைப் பார்த்தாலே தெரியும். பஞ்சத்துக்குச் சாட்சி அந்தப் படங்கள்; படத்துக்காகக் காத்திருந்த உடம்புகளுக்கும் அவையே சாட்சி. எதிர்ச்சாரி அக்கா தார்ப்பாய் கட்டாமல் காத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது இந்தப் படங்கள்தான்.

ஆனால் இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை விட்டுவிட்டால் நாம் ஆவணம் என்றாலே அதிகாரம் என்ற சுலபமான முடிவுக்கு வந்துவிடுவோம். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் ராபர்ட் கார்னிஷ், டெம்பிளின் கூலியை எதிர்த்தார். வெறும் இரக்கத்தை வைத்து அவர் எதிர்க்கவில்லை. உழைக்கும் உடம்புக்கு எவ்வளவு உணவு தேவை, சாவு எண்ணிக்கை என்ன சொல்கிறது என்ற கணக்கை வைத்து எதிர்த்தார். கணக்கை எதிர்க்க இன்னொரு கணக்கு. அதே 1877-லேயே கூலி உயர்த்தப்பட்டது. 1880-இன் பஞ்ச விசாரணைக் குழுவும் அதன் பின் வந்த பஞ்சச் சட்டத் தொகுப்புகளும் இந்தச் சண்டைகளின் படிவுகளே.

கிராம அளவில் இந்தக் கணக்கை எழுதும் கை யாருடையது? நெடுங்காலம் அது கர்ணத்தின் கை. பரம்பரையாக வந்த பதவி. பெரும்பாலும் ஊரின் மேல்சாதி. யாருடைய குடிசை விழுந்தது, யாருடைய குடிசை 'சும்மா சாய்ந்தது' என்பதை அந்தக் கை எழுதியது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் மூலம் அந்தப் பகுதிநேரப் பதவிகளை ஒழித்தது. பிறகு தேர்வு மூலம் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். தமிழகத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பெரிய மாற்றம் இது. எழுதும் கை மாறியது. எழுதப்படும் படிவம் அவ்வளவாக மாறவில்லை.

இன்றைய படிவத்துக்கு அடிப்படை, மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வகுக்கும் விதிமுறைகள். வர்தா வந்தபோது நடப்பில் இருந்த 2015-ஆம் ஆண்டு விதிமுறைப்படி சேதமான குடிசைக்கு 4,100 ரூபாய்; பகுதி சேதமான கச்சா வீட்டுக்கு 3,200; பகுதி சேதமான பக்கா வீட்டுக்கு 5,200; சமவெளியில் முழுதும் அழிந்த வீட்டுக்கு 95,100. பின்னர் 2022-26 காலத்துக்கு இவை 8,000, 4,000, 6,500, 1,20,000 என்று உயர்ந்தன. மாநில அரசு இதற்கு மேல் சேர்த்துத் தருவதுண்டு. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின் முழுதும் சேதமான குடிசைக்கு 10,000 அறிவித்தார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாமுக்குப் பின் குடிசைக்கான தொகையை 5,000-லிருந்து 8,000 ஆக்கினார்கள்.

தொகைகளைவிட முக்கியமானவை அதே விதிமுறையின் அடிக்குறிப்புகள். ஒன்று, குடிசை என்றால் என்ன என்ற வரையறை: கச்சா வீட்டுக்கும் கீழான, ஓலை, மண், பிளாஸ்டிக் முதலியவற்றாலான தற்காலிக அமைப்பு, மாநில, மாவட்ட அதிகாரிகளால் குடிசை என்று மரபாக அறியப்படுவது. அதாவது அதிகாரி எதைக் குடிசை என்று அறிகிறாரோ அதுவே குடிசை. இருபது வருஷமாக ஒரே இடத்தில் நிற்கும் 'தற்காலிகம்'. 4,100-க்கும் 95,100-க்கும் நடுவில் இருப்பது இந்த ஒரு சொல்தான்.

இரண்டாவது அடிக்குறிப்பு இன்னும் கூர்மையானது. சேதமான வீடு, உரிய அதிகாரியால் சான்றளிக்கப்பட்ட அங்கீகாரம் பெற்ற கட்டுமானமாக இருக்க வேண்டும். புறம்போக்கில், கால்வாய் ஓரத்தில், பட்டா இல்லாத மனையில் இருப்பவர்களுக்கு இந்த வரி என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அம்பத்தூர் நகராட்சி 2011-லேயே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனால் அம்பத்தூர் வட்டம் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. வர்தா அடித்தபோது எங்கள் தெருக் குப்பை சென்னையைச் சேர்ந்தது, தெரு மண் திருவள்ளூரைச் சேர்ந்தது. விழுந்த கூரையை எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் சனங்கள் இரண்டு பக்கமும் அலைந்தார்கள்.

4

இனி எங்கள் சாரிக்கு வருவோம். இன்சூரன்ஸ் வேறு வகையான பிரதி. நிவாரணம் அரசின் கருணை. இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தின் உரிமை. அப்படித்தான் பாடப் புத்தகம் சொல்லும். ஃபூக்கோவின் உதவியாளராக இருந்த ஃப்ரான்சுவா எவால்ட், 'ஆபத்து' என்பது உலகில் தானாகக் கிடக்கும் பொருளல்ல, எதையும் ஆபத்தாக வகைப்படுத்திக் கணக்கிடும் ஒரு நுட்பமே இன்சூரன்ஸ் என்று விளக்கினார். இதைத் தலைகீழாகவும் படிக்கலாம். எதை வகைப்படுத்தவில்லையோ அது ஆபத்தாகவே எண்ணப்படுவதில்லை.

இந்தியாவில் பொது இன்சூரன்ஸ் 1972-இல் நாட்டுடைமையானது; நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் நான்காக இணைக்கப்பட்டன. அவற்றில் ஒன்றின் தலைமையகம் சென்னை. ஏழைகளிடம் இன்சூரன்ஸைக் கொண்டுபோகும் பேச்சு அப்போதிருந்தே உண்டு. 1988 மே மாதம் மத்திய அரசு கிராமப்புற ஏழைகளுக்குக் குடிசை இன்சூரன்ஸ் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. குடிசைக்கு 1,000 ரூபாய், உள்ளிருக்கும் பொருளுக்கு 500. பிரீமியத்தை அரசே கட்டியது. ஆனால் எந்த ஆபத்துக்கு? தீக்கு மட்டும். காற்றுக்கு இல்லை. தமிழகக் கடலோரத்துக்கு 1952, 1964, 1977 என்று பெரும்புயல்கள் வந்து போன பிறகும் குடிசைக்கு நேரும் கேடு என்றால் தீ என்றே அந்தத் திட்டம் அறிந்திருந்தது. நகரத்துக் குடிசை அதில் சேர்த்தியே இல்லை.

வீடுகளுக்கான பாலிசிக்கு இன்றுவரை அடிப்படை தீ பாலிசிதான். புயலும் வெள்ளமும் அதனோடு சேரும் பேரிடர்கள். இன்சூரன்ஸ் மொழியில் அவற்றுக்கு 'தெய்வச் செயல்' என்று பெயர். இந்தப் பாலிசிகளில் கச்சா கட்டுமானம் என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு: சுவரோ கூரையோ பலகை, ஓலை, புல், வைக்கோல், மூங்கில், பிளாஸ்டிக், துணி, தார்ப்பாய் போன்றவற்றால் ஆனது. பழைய தீக் கட்டண முறையில் இவற்றுக்குக் கூடுதல் பிரீமியம். எது முதலில் பறக்குமோ அதற்கு அதிக விலை. கூடுதலாகக் கட்ட முடியாதவர்தான் அந்தக் கூரையின் கீழ் இருப்பவர்.

சேதத்தைப் படிக்க இங்கே ஒரு தனி வாசகர் இருக்கிறார்: சர்வேயர். 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தில் 1968-இல் சேர்க்கப்பட்ட 64யுஎம் பிரிவு அவருக்கு உரிமம் கொடுத்தது. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட இழப்பை அவர் பார்க்காமல் தீர்க்க முடியாது. பாலிசிதாரர் உடனே தகவல் சொல்ல வேண்டும். வர்தா வந்தபோது நடப்பில் இருந்த தீ பாலிசிப்படி 15 நாளுக்குள் எழுத்தில் கிளெய்ம் தர வேண்டியிருந்தது. சேதம் மேலும் பெருகாமல் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும்; அதே நேரத்தில் சேதத்தைப் பார்வையிட ஏதுவாக வைத்திருக்கவும் வேண்டும். பதிவேட்டோடு வந்தவர்கள் வாயால் சொன்ன அதே முரண்பாடு இங்கே அச்சில் இருக்கிறது. மூடு, ஆனால் மூடாதே.

எங்கள் கதை சுருக்கமானது. அது பணமதிப்பிழப்பு அறிவித்த அடுத்த மாதம். ஏ.டி.எம். வாசலில் நின்று எடுத்த காசில் அப்பா புது ஷீட் வாங்கினார். கடைக்காரர் 'பில்லு வேணும்னா வெல வேற' என்றார். பில் இல்லாமல் வாங்கினோம். சர்வேயர் மரியாதையானவர்தான். பார்த்தார், படம் எடுத்தார், பிறகு கேட்டார்: 'பழைய ஷீட்டுக்கு பில் இருக்கா சார்? புதுசுக்கு? முன்னாடி எடுத்த போட்டோ எதுனா?' கடைசியாக வங்கியில் கொடுத்திருந்த வரைபடத்தை விரித்தார். 'இந்த ரூமே பிளான்ல இல்லையே சார்.' அப்பா பேசாமல் நின்றார். நான்கு வாரம் கழித்து ஒரு வரி ஆங்கிலக் கடிதம் வந்தது. இல்லாத அறையின் இல்லாத கூரைக்கு இழப்பு இல்லை.

எதிர்ச்சாரி அக்காவின் குடிசைக்கு அங்கீகாரம் இல்லை. எங்கள் பின்னறைக்கும் இல்லை. அதுவரை நான் எங்கள் இரண்டு சாரிகளையும் வேறு வேறு உலகம் என்று நினைத்திருந்தேன். காகிதத்துக்கு முன்னால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் சமம் என்று சொல்லிவிட மாட்டேன். எங்களுக்குப் போனது ஓர் அறை. முன்னறையில் தளத்துக்குக் கீழே படுத்துத் தூங்கினோம். அவருக்குப் போனது வீடு.

2021 ஏப்ரல் முதல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசியை எல்லாக் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று ஆக்கியது. குறைத்துக் காப்பீடு செய்ததைக் காரணம் காட்டித் தொகையைக் குறைக்கும் பழைய 'சராசரி' விதி இதில் இல்லை. இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வாசலுக்குள் நுழைவதற்கும் முதலில் காகிதத்தில் வீடு இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தீ பாலிசிகளில் கலவரத்தால் வரும் சேதம் உண்டு. அரசின் அல்லது சட்டப்படியான அதிகாரத்தின் ஆணையால் நேரும் அழிப்பு விலக்கப்பட்டிருக்கிறது. காற்று பிடுங்கினால் ஆபத்து. பொக்லைன் பிடுங்கினால் அது ஆபத்தே அல்ல. சென்னைக் குடிசைவாசிகள் கடந்த முப்பது ஆண்டுகளில் எந்தப் பிடுங்கலுக்கு அதிகம் பயந்தார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

5

இதையெல்லாம் சொல்லிவிட்டு 'ஆவணமே அதிகாரத்தின் கருவி, அதைப் புறக்கணிப்போம்' என்று முடிப்பது எழுதுபவனுக்குச் சுகம். கூரை போனவருக்கு அதனால் ஒரு கீற்றும் வராது. கார்னிஷிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான்: கணக்குக்கு எதிர்க்கணக்கு.

கூரையே ஒரு பிரதி. படிக்கத் தெரிந்தால் அது பேசும். காற்று கூரையைக் கீழே அழுத்தி உடைப்பதில்லை. பெரும்பாலும் மேலே தூக்குகிறது. தாழ்வான சரிவுள்ள கூரையின் மேல் காற்று வேகமாகக் கடக்கும்போது உறிஞ்சும் விசை உண்டாகிறது. மூலைகளிலும் இறவாணத்திலும் முகட்டிலும் அது அதிகம். அதனால் காற்றில் போன ஷீட்டில் போல்ட் ஓட்டை நீண்டு கிழிந்திருக்கும்; ஜே போல்ட் வளைந்திருக்கும். புதிய உடைவின் விளிம்பு வெளிர்ச் சாம்பலாக இருக்கும். பழைய விரிசலில் பாசியும் கருப்பும் படிந்திருக்கும். 'இது பழைய சேதம், பராமரிக்காததால் வந்தது' என்று சொல்லித் தள்ளுவதற்கு எதிரான சாட்சி அந்த விளிம்பில்தான் இருக்கிறது. வளைந்த போல்ட்டை இரும்புக் கடையில் போடாமல் வைத்திருப்பதும் வரலாறு எழுதுவதுதான்.

எங்கள் தெருவில் 2016-க்குப் பிறகு சில பழக்கங்கள் வந்தன. ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும், உள்ளேயிருந்து மேலே பார்த்தும் போனில் படம் எடுத்து வைப்பது. புயலுக்குப் பிறகு எதையும் மூடுவதற்கு முன் முதல் வெளிச்சத்திலேயே படம் எடுப்பது. ஒன்று தூரத்திலிருந்து, பக்கத்து வீடோ மின்கம்பமோ தெரியும்படி. ஒன்று கிட்டத்தில், அளவுக்கு ஒரு முழக்கோலோ செங்கல்லோ வைத்து. பிறகு உடனே மூடிவிடுவது. தார்ப்பாய்க்கும் கயிற்றுக்கும் துண்டுச் சீட்டிலாவது ரசீது வாங்குவது. மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குவது. எல்லாவற்றுக்கும் மேலாக, தெருவே சேர்ந்து ஒரு பட்டியல் போடுவது: எந்த வீடு, எத்தனை பேர், எவ்வளவு போனது. அதிகாரியின் பட்டியல் வந்தபின் அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, நம் பட்டியலோடு பொருத்திப் பார்க்கலாம். தனியாக ஒருவர் 'முழுசு சார்' என்று சொல்வதற்கும், முப்பது பேர் கையெழுத்திட்ட பட்டியல் அப்படிச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சட்டத்திலும் ஒரு பிடி உண்டு. 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு குறைந்தபட்ச நிவாரண நெறிகளை வகுக்கச் சொல்கிறது. வீட்டுச் சேதத்துக்கான உதவி அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கோவிட் சாவுகள் குறித்த வழக்கில் 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், இந்தப் பிரிவின் கீழான கருணைத்தொகையை அதிகாரிகள் விருப்பம்போல் விட்டுவிட முடியாது, நெறி வகுப்பது கட்டாயக் கடமை என்றது. கருணை என்ற சொல் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் அதைக் கேட்பதற்கு உரிமை இருக்கிறது. இந்த இடைவெளிக்குள்தான் நாம் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டியலில் இடம்பெறுவது எப்போதும் நன்மையல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாய், வெள்ளம் புகுந்த மற்ற வீடுகளுக்கு 5,000 என்று அறிவித்தார்கள். அடையாறு, கூவம் கரைகளில் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்று எண்ணப்பட்ட குடும்பங்கள் பல, பிறகு 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று எண்ணப்பட்டுப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. பெயரை எழுதிக்கொள்ளும் கையே பெயரை அடிக்கவும் செய்யும். எதிர்ச்சாரிக்காரர்கள் பட்டியல் போடும்போது முதலில் கேட்டது இதைத்தான்: 'நம்ம பேர நாமே எழுதிக் குடுத்து நாமே மாட்டிக்க மாட்டோமா?' அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. எழுதாமல் இருந்தால் இல்லாதவர் ஆகிறோம். எழுதினால் அகற்றத்தக்கவர் ஆகலாம். தெருக்கூட்டத்தில் இரண்டு நாள் பேசினார்கள். கடைசியில் எழுதுவது, ஆனால் சேத மனுவோடு பட்டா கோரும் மனுவையும் சேர்த்தே கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். நான் படித்த கோட்பாட்டுப் புத்தகங்கள் எதுவும் எனக்கு இந்த யோசனையைத் தரவில்லை.

6

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் பகுதிக்குக் காற்றைவிடத் தண்ணீர்தான் கேடு செய்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின்கள் மூழ்கின. ரேஷன் கடைகள் மூலம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். அதில் ஓட்டு வீடு, மாடி வீடு பேதமில்லை. ரேஷன் கார்டுதான் கணக்கு. கூரையைப் படிக்கும் சிரமமே வேண்டாம் என்று அரசு ஒதுக்கிவிட்டது போலிருந்தது. இதில் ஒரு சமத்துவமும் இருக்கிறது, ஒரு மறதியும் இருக்கிறது.

எதிர்ச்சாரி அக்கா இப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறார். கீற்று போய்த் தகர ஷீட் வந்திருக்கிறது. 2016-இல் பகுதி சேதம் என்று எழுதியதற்கான தொகை சில மாதம் கழித்து வந்தது. தார்ப்பாய்க் கடனுக்கும் வட்டிக்கும் சரியாகப் போயிற்று என்றார். பட்டா மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. மனுவின் நகலையும், பெற்றுக்கொண்ட கையெழுத்தையும், அன்று விழுந்த கூரையின் படத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்.

அந்தப் பையைப் போல் வடசென்னையிலும் கடலூரிலும் நாகையிலும் எத்தனையோ வீடுகளில் பைகள் இருக்கும். 1977-இல் கொடுத்த மனு, 2011-இன் தானே புயலுக்குக் கொடுத்த மனு, கஜாவுக்குக் கொடுத்த மனு. அரசு ஆவணக் காப்பகத்தில் இருப்பது எழுதியவர்களின் வரலாறு. இந்தப் பைகளில் இருப்பது எழுதப்பட்டவர்களின் வரலாறு. இதைத் தேடிச் சேகரிக்கும் வேலையை நம்மைப் போன்ற சிறுபத்திரிகைக்காரர்களும் இயக்கத் தோழர்களும் சேர்ந்து ஏன் தொடங்கக் கூடாது? அவரவர் ஊரில், அவரவர் தெருவில், அடுத்த ஐப்பசிக்கு முன்னால்.